நெஞ்சு மாத்திரையும் பாண்டியம்மாளின் மூச்சும்

விருதுநகர் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்து நான்கு ஆண்டு நர்ஸாக இருந்தேன் என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் அடுத்து கேட்பது ஒன்றுதான். "வெடி விபத்து நிறைய பார்த்திருப்பீகளே சிஸ்டர்?" பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகளைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. கேட்பவர்களுக்கும் முழுதாகக் கேட்கிற தெம்பு கிடையாது, பாதியிலேயே காப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து விடுவார்கள்.

போன மாதம் ஜெசிந்தா போன் செய்தாள். என்னிடம் ஜூனியராக இருந்தவள், இப்போது என் பழைய வார்டுக்கு அவள்தான் இன்சார்ஜ். "சிஸ்டர், நம்ம வார்டுக்குக் கம்ப்யூட்டர் வந்திருச்சு. மாத்திரை பேரை அடிச்சா, இது யாருக்கு ஆகாதுன்னு செவப்புல காட்டிருது. இனிமே நாங்க எதையும் மனசுல வச்சுக்கிட்டுத் திரிய வேண்டாம். ஆனாலும் இங்கன வந்திருக்கிற புதுப் பிள்ளைகளுக்கு நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க" என்றாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல இளைப்பு உண்டா, இல்லையான்னு கேக்குதா?" என்று கேட்டேன்.

"கேக்குது சிஸ்டர். டிக் அடிக்கணும்."

"யாரு அடிக்கிறது?"

"நாங்கதான்."

அப்படியானால் எழுத வேண்டியதுதான் என்று உட்கார்ந்தேன். தீக்காய வார்டைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு மாத்திரையைப் பற்றியும், அதை நானே ஒரு பெண்ணின் வாயில் போட்டு விழுங்க வைத்ததைப் பற்றியும் எழுதப் போகிறேன். ஆஸ்பத்திரி எந்த ஊரில் என்பது வேண்டாம். அங்கே நடந்த தவறு என்னுடையது, கட்டடத்துடையது அல்ல.

என் ஊர் மல்லாங்கிணறு. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை என்றால் டீச்சர் அல்லது நர்ஸ். அக்கா டீச்சராகி விட்டதால் என்னை நர்ஸ் படிப்புக்கு அனுப்பினார்கள். மூன்றரை ஆண்டு படிப்பில் என் கையோடு ஒட்டிக்கொண்டது ஒரே ஒரு பழக்கம்தான். நாடியை முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவது எங்கள் விடுதி வார்டனுக்குத் திருட்டுக்குச் சமம். பிறகு கருவிகள் வந்து விரலில் மாட்டியதும் எண் காட்டின. அப்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவதை விடவில்லை. சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்துவிடுவேன்.

இந்தக் கதை நடந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கோமதி மேடம். அவர் கத்தி நான் கேட்டதில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று தோன்றும். எதையாவது போய்ச் சொன்னால் எழுதுவதை நிறுத்தி, பேனா மூடியைப் போட்டு, அதை மேஜையில் கிடையாக வைத்துவிட்டு நிமிர்வார். அப்புறம் கேட்பார்: "பார்த்ததா, கேட்டதா?"

நாம் கண்ணால் பார்த்தது என்றால் உடனே எழுந்து வருவார். நோயாளியோ வீட்டாரோ சொல்லிக் கேட்டது என்றால் பேனா மூடியைத் திறந்து மறுபடி எழுத ஆரம்பித்து விடுவார். அதற்கு நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்து ஜனம் ஆஸ்பத்திரிக்கு வந்தால் ஆயிரம் சொல்லும். சொந்தக்காரர் வைத்த செய்வினை முதல் சித்தி மகள் சொன்ன கை வைத்தியம் வரை எல்லாம் வரும். ஒரு நாளைக்கு முந்நூறு பேரைப் பார்க்கிற டாக்டர் எதை நம்புவார்? நாங்களும் பழகிக்கொண்டோம். கேட்டதை எழுதுவதில்லை. பார்த்ததை மட்டும் நோட்டில் எழுதினோம். நல்ல ஒழுங்கு என்று அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பாண்டியம்மாள் தாயில்பட்டிக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். பட்டாசு ஆலையில் சரம் பின்னும் வேலை. ஒல்லியான உடம்பு, விரல் நுனிகளில் மட்டும் சாம்பல் நிறம் போகாமல் ஒட்டியிருக்கும். பல வருடமாக லேசான இளைப்பு உண்டு. எங்களிடம் வந்து மூச்சில் இழுக்கும் பஃப் வாங்கிப் போவார். அதை ஆலையில் யாருக்கும் காட்டமாட்டார், கழிப்பறைக்குப் போய்த்தான் இழுப்பார். இளைப்பு இருக்கிறது என்று தெரிந்தால் போர்மேன் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லி விடுவார். அந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்க்கிற பெண்கள் இடுப்புச் சுருக்குப் பையில் பஃபை ஒளித்து வைத்திருப்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான்.

அந்த ஆண்டு தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது அவர் இளைப்பு முற்றி வந்து வார்டில் சேர்ந்தார். சீசனில் இளைப்பு வருவது எங்களுக்குப் புதிதில்லை. ஆர்டர் நெருக்கும், வேலை நேரம் கூடும், தூசி கூடும், வார்டு நிறையும். சீட்டைப் பார்த்தவுடனே டியூட்டி டாக்டர், "பட்டாசுத் தூசி" என்று எழுதி விட்டார். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

அவரிடம் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. நெஞ்சு திடீர் திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொண்டதால் இரண்டு மாதத்துக்கு முன் மதுரையில் ஒரு இதய டாக்டரிடம் போயிருந்தார். அவர் கொடுத்தது. புரோபஃபெனோன் என்று பெயர். துடிப்பின் தாளத்தைச் சீராக்குகிற மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. எங்கள் ஸ்டாக்கில் இல்லாதது, என் சர்வீஸில் நான் அதுவரை கொடுத்தறியாதது. மதுரை டாக்டர் எழுதிய மாத்திரையில் நாம் கை வைக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

இரண்டாம் நாள் மதியம் மாத்திரையை நீட்டியபோது அவர் வாங்கவில்லை.

"சிஸ்டர், இந்த மாத்திரை போட ஆரம்பிச்ச நாள்லருந்துதான் எனக்கு இம்புட்டு இளைக்குது" என்றார்.

"நெஞ்சு மாத்திரைக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க பட்டாசுத் தூசியில கெடந்துட்டு மாத்திரை மேல பழி போடுறீங்களா?" என்றேன்.

"தூசி இருவது வருசமா இருக்கு சிஸ்டர். இப்படி இளைச்சதில்ல."

நாக்கை நீட்டச் சொல்லி மாத்திரையை வைத்து, தண்ணீர் கொடுத்து, விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காசநோய்க்காரர்களிடம் செய்கிற மாதிரி. அவர் திறந்து காட்டினார். எனக்கு இந்த இடத்தை எழுதவே கை வரவில்லை.

அவர் சொன்னதை நோட்டில் எழுதவில்லை. அது கேட்டதுதானே, பார்த்தது இல்லையே.

நாலு நாளில் கொஞ்சம் தேறி வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தபோது மூச்சு சீராக இருந்தது, முகமும் தெளிவாக இருந்தது. எனக்குச் சந்தோஷம். மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்தேன். போன தடவை நான் பார்த்த அளவிலேயே இருந்தது.

"நிப்பாட்டிட்டேன் சிஸ்டர். இப்பப் பாருங்க, நல்லா இருக்கேன்ல?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நெஞ்சு மாத்திரையை இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஒரு நாள் நின்ற இடத்திலேயே விழுந்து விடுவீர்கள் என்றேன். கூட வந்திருந்த மருமகள் செல்வியைக் கூப்பிட்டு, "உங்க மாமியார் வேணாம்னு சொன்னாலும் நீ விடாதே. மூணு வேளையும் உன் கையால குடு" என்று சொல்லி அனுப்பினேன். சீட்டில் என் கையெழுத்தில் எழுதினேன்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. அட்டையை எண்ணிப் பார்த்தேன் அல்லவா? அது பார்த்ததில் சேர்த்தி.

தீபாவளி முடிந்தது. ஆலைகளை மூடினார்கள். வழக்கமாக ஒரு மாதம் போல மூடிக் கிடக்கும், பிறகு பூஜை போட்டுத் திறப்பார்கள். அந்த மாதத்தில் எங்கள் வார்டில் இளைப்புக்காரர் கூட்டம் குறையும். மூடி மூன்று வாரம் ஆன ஒரு மழை நாளில், காலை பதினொரு மணி வாக்கில், ஆட்டோவில் பாண்டியம்மாளைக் கொண்டு வந்தார்கள். ஒரு வார்த்தை முழுதாகப் பேச முடியவில்லை. தோள் எலும்புகள் ஏறி இறங்கின. உதடு நீலம் பூத்திருந்தது.

ஆக்சிஜன் வைத்தோம். மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கிற நெபுலைசர் வைத்தோம். சாதாரணமாக இருபது நிமிடத்தில் பலன் தெரியும். தெரியவில்லை. மறுபடி வைத்தோம். மூன்றாம் தடவையும் வைத்தோம். டியூட்டி டாக்டர் இளம் பையன், நல்லவன்தான். "மழைக் குளிர் சிஸ்டர்" என்றான். ஆலை மூடியிருப்பதால் தூசி என்று சொல்ல முடியாது, அதனால் மழை.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நெபுலைசர் மருந்து உள்ளே போனால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மூன்று தடவை வைத்தால் தம்ளரைப் பிடிக்க முடியாது, தண்ணீர் சிந்தும். பாண்டியம்மாளின் கை அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். ஐம்பத்திரண்டு. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். ஐம்பத்திரண்டுதான். மூச்சுக்குப் போராடுகிற உடம்பில் நாடி நூற்றிருபதில் ஓட வேண்டும். இந்த அம்மாளுக்கு மத்தியானம் படுத்துத் தூங்குகிறவரைப் போல அடித்துக்கொண்டிருந்தது.

"நாடி நல்லா அடங்கித்தானே இருக்கு சிஸ்டர். ஹார்ட் மாத்திரை வேலை செய்யுது" என்றான் டியூட்டி டாக்டர்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து உலுக்கியது. திரும்பிப் பார்த்தால் செல்வி அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்துக் கையில் வைத்திருக்கிறாள். "மத்தியான மாத்திரை சிஸ்டர். நீங்க சொன்ன மாதிரி ஒரு வேளை கூடத் தவறவிடல. காலையிலயும் அத்தை மாட்டேன்னாக, நான்தான் வாயில போட்டேன்" என்றாள். பாராட்டுவேன் என்று எதிர்பார்த்து நின்றாள் அந்தப் பெண். நான் அவள் கையைப் பிடித்து மாத்திரையைப் பிடுங்கினேன். அவள் பயந்துபோய் அழுதுவிட்டாள்.

வெளிநோயாளிப் பிரிவு எதிர்க் கட்டடத்தில். மழையில் ஓடினேன். கோமதி மேடம் பேனாவை மூடிக் கிடையாக வைத்தார்.

"பார்த்ததா, கேட்டதா?"

"பார்த்தது மேடம். நாடி ஐம்பத்திரண்டு, முழு நிமிசம் ரெண்டு தடவை எண்ணினேன். மூணு தடவை நெபுலைசர் வச்சும் கை நடுங்கல. மூச்சும் தெளியல."

எழுந்து விட்டார். குடை எடுக்கவில்லை. வரும் வழியிலேயே மருந்தாளுநரைக் கூப்பிட்டுத் தடிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பாண்டியம்மாளின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மாத்திரை அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பெயரைப் படித்து, புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"சிஸ்டர், இது தாளத்தைச் சீராக்குறதோட நிக்கல. கூடவே பீட்டா பிளாக்கர் வேலையையும் கொஞ்சம் செய்யுது" என்றார். பீட்டா பிளாக்கர் இளைப்புக்காரருக்கு ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், முதலாம் ஆண்டுப் பாடம். அந்த வகை மாத்திரைகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். இந்தப் பெயர் அந்த வரிசையில் இல்லை. அதனால் அது அந்த வேலையைச் செய்யாது என்று நினைத்திருந்தேன்.

பிற்பாடு மேடம் எங்களை உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் அட்ரினலின் வந்து உட்காருகிற இடங்கள் உண்டு. இதயத்தில் உட்கார்ந்தால் துடிப்பு ஏறும். மூச்சுக்குழாயில் உட்கார்ந்தால் குழாய் விரியும். பீட்டா பிளாக்கர் அந்த இடங்களில் போய் அடைத்து உட்கார்ந்துகொள்ளும். இதயம் அடங்கும், ஆனால் மூச்சுக்குழாய் விரிய வழியில்லாமல் இறுகும். நாங்கள் வைக்கிற நெபுலைசர் மருந்தும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும், இடம் கிடைக்காவிட்டால் அது என்ன செய்யும்? புரோபஃபெனோன் இந்த வேலையைப் பெரும்பாலானவர்களுக்கு லேசாகத்தான் செய்யும். சிலருடைய ஈரல் அந்த மாத்திரையை மெதுவாகத்தான் கழிக்கும், அவர்கள் உடம்பில் அது தேங்கி, அடைப்பும் பலமாக இருக்கும். பாண்டியம்மாள் அப்படிப்பட்டவராக இருக்கலாம் என்றார்.

அன்று அதெல்லாம் பேச நேரமில்லை. மாத்திரையை நிறுத்தினார். வேறு பாதையில் மூச்சுக்குழாயைத் திறக்கிற இன்னொரு மருந்தை நெபுலைசரில் போடச் சொன்னார். ஸ்டீராய்டு ஊசி போட்டோம். மெக்னீசியம் சொட்டுச் சொட்டாக ஏறியது. மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்தி வைத்தோம், ஆனால் அசைத்தால் தாங்க மாட்டார் என்று மேடம் அனுப்பவில்லை. நான் கட்டில் பக்கத்திலேயே நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடி எண்ணினேன். உள்ளுக்குள் ஜெபம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பொதுவாக வார்டில் ஜெபம் பண்ணுகிறவள் இல்லை, வேலை நேரத்தில் வேலை என்று இருப்பவள். அன்று கெஞ்சினேன். இந்த அம்மாள் செத்தால் கொன்றது நான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு மணி சுமாருக்கு மேடம் பக்கத்தில் வந்து நின்றபோது சொன்னேன். "கேட்டதும் ஒண்ணு இருக்கு மேடம். இந்த மாத்திரை போட்டதிலிருந்துதான் இளைக்குதுன்னு அவங்க முன்னாடியே சொன்னாங்க."

"எப்போ?"

"சீசன்ல சேர்ந்திருந்தப்போ. நிறுத்தினப்போ நல்லா இருந்ததுன்னும் அப்புறம் சொன்னாங்க."

"எங்க எழுதியிருக்கு?"

"எழுதல மேடம்."

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். என் கையெழுத்தில் இருந்த அந்த வரியைப் படித்தார். சீட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பார்த்ததா கேட்டதான்னு கேட்டுக் கேட்டு உங்களை எல்லாம் இப்படிப் பழக்கினது நான்தான் சிஸ்டர்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கும் ஆறுதல் இல்லை என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாண்டியம்மாள் முகமூடியை விலக்கி ஒரு முழு வாக்கியம் பேசினார். "செல்வி சாப்பிட்டாளா?" அவ்வளவுதான். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் மேடம் மதுரை டாக்டரிடம் போனில் பேசினார். அவர் கவனமான மனிதர்தான். இளைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார், இல்லை என்று சொன்னதால் இல்லை என்று எழுதியிருக்கிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பாண்டியம்மாளைக் கேட்டேன்.

"கம்பெனி வேன்லதான கூட்டிட்டுப் போனாக. போர்மேன் பக்கத்துலயே நிக்காரு. அங்கன போயி உண்டுன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல முடியாமல் மறைத்தார். சொன்ன இடத்தில் நாங்கள் காது கொடுக்கவில்லை. இதில் அவருடைய குற்றம் எது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மதுரை டாக்டர் இளைப்புக்காரருக்கு ஒத்துக்கொள்கிற வேறு வகை மாத்திரையை எழுதினார். வீட்டுக்குப் போகிற அன்று மேடம் ஒரு அட்டையில் சிவப்பு மையால், தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். இவருக்கு இளைப்பு உண்டு, பீட்டா பிளாக்கர்களும் புரோபஃபெனோனும் கொடுக்கக் கூடாது என்று. பாண்டியம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மொத வரி இல்லாம எழுத முடியாதா டாக்டரம்மா?"

"அது இல்லேன்னா மத்தது எதுக்கும்மா?" என்றார் மேடம்.

பாண்டியம்மாள் அட்டையை மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து, "என்னை மன்னிச்சிருங்க" என்றேன். இளைத்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நீங்க வேணும்னா செஞ்சீக? விடுங்க சிஸ்டர்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஆலைகளில் மருத்துவ முகாம் போட்டோம். ஒவ்வொரு ஆலையிலும் ஒரு ஷெட்டில் மேஜை போட்டு, தொழிலாளர்களை வரிசையில் வரச் சொல்லி, கேள்வி கேட்டு படிவத்தில் எழுத வேண்டும். படிவம் ஆலை நிர்வாகத்துக்குப் போய்விடும். தாயில்பட்டிப் பக்கத்து ஆலையில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. போர்மேன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். பிரஷர் உண்டா, சர்க்கரை உண்டா, இளைப்பு உண்டா. இல்லை, இல்லை, இல்லை. சுருக்குப் பைகள் புடைத்திருந்த பெண்கள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு நகர்ந்தார்கள்.

பாண்டியம்மாள் வந்து நின்றார். போர்மேனை யாரோ கூப்பிட்டதால் இரண்டடி தள்ளிப் போனார். நான் வாய் திறக்கும் முன் அவர் குனிந்து தணிந்த குரலில் பேசினார்.

"எந்த டாக்டருகிட்டப் போனாலும் இனிமே மொதல்ல அதைத்தான் சொல்லுவேன் சிஸ்டர். அட்டை பையிலதான் இருக்கு. ஆனா இது டாக்டரு தாளு இல்ல, கம்பெனித் தாளு. செல்வி மாசமா இருக்கா. வீட்டுல சம்பாதிக்கிற ஆளு நான் ஒருத்திதான்."

போர்மேன் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"இளைப்பு உண்டா?"

"இல்ல சிஸ்டர்" என்றார், என் கண்ணைப் பார்த்து.

தூசிக்குள் திரும்பிப் போகிற பெண். உண்டு என்று எழுதினால் மறுநாள் காலை வேன் அவர் வாசலில் நிற்காது. இல்லை என்று எழுதினால் என் கையெழுத்தில் இன்னொரு பொய். முப்பத்து நான்கு ஆண்டு சர்வீஸில் அவ்வளவு நேரம் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அந்த அம்மாள் என்னிடம் உண்மையைச் சொன்ன அன்று நான் எழுதவில்லை. பொய் சொன்ன அன்று, அவர் சொன்னபடியே 'இல்லை' என்று எழுதினேன்.